சண்டை நின்னும் ஆப்கானிஸ்தான்ல பிரசவ சாவு இனி கூடும்ங்கிறாங்களே, ஏன்?

நிழல்குடை:
வணக்கம் மக்களே, நான் நர்சிங் மூணாவது வருஷம். கம்யூனிட்டி ஹெல்த் செமினாருக்கு ஆப்கானிஸ்தான் தாய்மார் இறப்புன்னு எடுத்துத் தொலைச்சிட்டேன். 2021ல அமெரிக்கா கிளம்பியாச்சு, பெரிய சண்டை நின்னாச்சு, அப்போ நிலைமை நல்லாகணும்ல? படிக்கிறதெல்லாம் இனி மோசமாகும்னே சொல்லுது. அதைவிட குழப்பம், 2002க்கு அப்புறம் குண்டு வெடிச்சிட்டு இருந்த வருஷங்கள்ல தான் சாவு குறைஞ்சிருக்கு. தலைகீழா இருக்கே? யாராச்சும் புரியிற மாதிரி சொல்லுங்க, எங்க மேடம் கேள்வி கேட்டே உயிரை எடுப்பாங்க.

லேபர்ரூம் அக்கா:
தங்கச்சி, இது குண்டு பட்டு செத்தவங்க கணக்கு இல்லம்மா. 2002ல நாலு இடத்துல வீடு வீடா போய் ஒரு சர்வே எடுத்தாங்க. ஒரு லட்சம் பிரசவத்துக்கு காபூல்ல 400 சொச்சம் அம்மாக்கள் செத்திருக்காங்க, பதக்‌ஷான் மலையில ராக்னு ஒரு இடம், அங்க 6500. அதாவது நூறு பிரசவத்துக்கு ஆறேழு பேர். இத்தனைக்கும் காபூல் தான் 90கள்ல ராக்கெட் அடி வாங்கி பாதி ஊரு இடிஞ்சு கிடந்தது, பதக்‌ஷான்ல பெரும்பகுதி அப்போ தலிபான் கைக்கே போகல. அப்போ ராக்ல கொன்னது எது? தூரம். பனி விழுந்தா பாதை அடைச்சிடும், ஆஸ்பத்திரிக்கு நாள்கணக்குல கழுதை மேல போகணும். நான் 19 வருஷமா லேபர் ரூம்ல நிக்கிறேன், நஞ்சுக்கொடி விழுந்தப்புறம் கர்ப்பப்பை சுருங்காம உதிரம் கொட்ட ஆரம்பிச்சா ரெண்டு மணி நேரம் கூட தாங்காது, அதுல கழுதைய எங்க பிடிக்கிறது.

அப்புறம் ஏன் குறைஞ்சதுன்னா, கூப்பிடு தூரத்துல ஆள் வெச்சாங்க. வெளியூர் டாக்டரம்மா அந்த மலைக்கு வர மாட்டாங்கன்னு தெரிஞ்சு அந்தந்த ஊர்ப் பொண்ணுங்களையே ஊர்ப் பெரியவங்க சம்மதத்தோட எடுத்து மிட்வைஃப், அதான் பிரசவம் பார்க்கிற படிப்பு, படிக்க வெச்சு அதே ஊருக்கு திருப்பி அனுப்பினாங்க. கைக்குழந்தையோட வந்து படிச்சவங்க உண்டு. 2002 வாக்குல நாடு முழுக்க 500 மிட்வைஃப் கூட இல்ல, பத்து வருஷத்துக்குள்ள 2500க்கு மேல ஆச்சு.

கணக்குப்புலி:
அக்கா சொல்றது சரி தான், ஆனா எவ்ளோ குறைஞ்சதுன்னு ஸ்லைடுல போடும்போது உஷார். 2010 சர்வேல லட்சத்துக்கு 327னு வந்துச்சு, எல்லாரும் கைதட்டினாங்க. ஹெல்மண்ட், காந்தஹார், ஜாபுல் கிராமங்கள்ல சண்டைன்னு உள்ளயே போகாம எடுத்த கணக்கு அது. 2015ல இன்னொரு சர்வே 1291ங்குது! அஞ்சு வருஷத்துல நாலு மடங்கு ஏறுமா, அதையும் யாரும் முழுசா நம்பல. ஐ.நா. மதிப்பீடு 2020க்கு 620 போல. பேசாம அந்த மதிப்பீட்டையே போடு, இறங்குதுங்கிறது வரைக்கும் நம்பலாம், மத்தபடி பாயிண்ட் பாயிண்டா நம்பாத.

ஊர்சுத்தி:
ஆனா சண்டைக்கு சம்பந்தமே இல்லங்கிற மாதிரி பேசாதீங்கக்கா. 2020 மே 12, காபூல் தஷ்த்-இ-பர்ச்சி ஆஸ்பத்திரி, துப்பாக்கியோட வந்தவனுங்க நேரா பிரசவ வார்டுக்கே போனானுங்க. 24 பேர் செத்தாங்க, அதுல 16 பேர் அம்மாக்கள். அந்த வார்டை நடத்திட்டு இருந்த எம்.எஸ்.எஃப்ங்கிற சர்வதேச டாக்டர்கள் தொண்டு அமைப்பு அடுத்த மாசமே காலி பண்ணிட்டாங்க, அதுக்கப்புறம் அந்த ஏரியா பொண்ணுங்க எங்க போவாங்க? ஹசாராங்கிற சிறுபான்மை ஜனங்க இருக்கிற ஏழைப்பட்ட ஏரியா அது.

லேபர்ரூம் அக்கா:
தம்பி நீங்க சொல்றது நியாயம், நான் அதை விட்டுட்டேன். அந்த செய்தி வந்த அன்னிக்கு எங்க டியூட்டி ரூம்ல யாரும் சரியா சாப்பிடல.

தங்கச்சி, இப்ப உன் கேள்விக்கு மீதி பதில். சண்டை நின்னதும் ரோடு திறந்துச்சு, அது உண்மை, முன்னாடி போக முடியாத கிராமத்துக்கெல்லாம் இப்ப போகலாம். ஆனா 2021ல ஆட்சியைப் பிடிச்ச தலிபான் 2022 டிசம்பர்ல பொண்ணுங்களுக்கு யுனிவர்சிட்டி இல்லன்னாங்க, 2024 டிசம்பர்ல மிட்வைஃப், நர்சிங் படிப்பையும் மூடிட்டாங்க. பிரசவத்துக்கு ஆம்பள டாக்டரை பல வீட்ல உள்ளயே விட மாட்டாங்க, பொம்பளையும் இனி படிச்சு வர மாட்டா. இருக்கிற மிட்வைஃபுக்கு வயசாகும், சிலர் நாட்டை விட்டே போயிட்டாங்க, அப்புறம்? இதுல 72 கிலோமீட்டர் தாண்டினா ஆம்பள துணை வேணும்னு வேற 2021லயே உத்தரவு, புருஷன் ஈரானுக்கு கூலிக்கு போயிருந்தா அவ யாரோட போவா. எனக்கு இதை டைப் பண்ணும்போதே எரியுது. 2025ல அமெரிக்க நிதி நின்னதும் நூத்துக்கணக்குல கிளினிக் மூடிட்டாங்க, அதையும் ஒரு ஸ்லைடா போடு.

நிழல்குடை:
அக்கா ரொம்ப நன்றி, கணக்கு அண்ணாவுக்கும் ஊர்சுத்தி ப்ரோவுக்கும் தான். ஒரே ஒரு டவுட்டு, மிட்வைஃபே இல்லாத ஊர்ல வீட்டுப் பிரசவத்துக்கு எதுவுமே பண்ண முடியாதா?

லேபர்ரூம் அக்கா:
ஏன் முடியாது, அங்கயே பண்ணி பார்த்திருக்காங்க. கர்ப்பப்பை சுருங்கி உதிரம் நிக்க நாம போடுற ஆக்ஸிடோசின் ஊசிக்கு ஃப்ரிட்ஜ் வேணும், போட ஆளும் வேணும். அதே வேலையைப் பண்ற மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்கு ரெண்டும் வேணாம். அங்க ஊருக்கு ஒரு ஆம்பள ஒரு பொம்பளன்னு தன்னார்வ சுகாதார ஆளுங்க இருந்தாங்க, நிறைய இடத்துல புருஷன் பொண்டாட்டியே ஜோடியா இருப்பாங்க, அப்ப தான் அந்தப் பொம்பள வீடு வீடா போக முடியும். அவங்க மூலமா மாசம் நெருங்கின பொண்ணு கையில முன்னாடியே மாத்திரையை குடுத்து வெச்சாங்க. பிள்ளை வெளிய வந்த பிறகு தான் போடணும், முன்னாடி போட்டா கர்ப்பப்பையே கிழியலாம். ரெட்டைப் பிள்ளையான்னு பார்க்கணும், முதல் குழந்தை வந்ததும் போட்டுறக் கூடாது. உங்க மேடம் கட்டாயம் அதைத் தான் கேப்பாங்க, படிச்சிட்டு போ.