ஐஸ்லாந்தில் கேம்பர்வேனைக் கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கலாமா?

குன்றூரான்:
ஜூனில் குடும்பத்தோடு ஐஸ்லாந்து போகும் நண்பருக்கு பாலைப்பறவை இப்படி யோசனை சொல்லியிருக்கிறார்: "படுக்கை வைத்த கேம்பர்வேன் எடுத்தால் தங்கும் செலவே கிடையாது. அருவிக்குப் பக்கத்து பார்க்கிங்கில் ஓரமாகப் போட்டுத் தூங்கிவிடலாம்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2015 நவம்பரிலிருந்து அங்கே புதிய இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முகாம் திடலுக்கு வெளியே வண்டியில் இரவு தங்க வேண்டுமானால் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். நடு ராத்திரி கண்ணாடியைத் தட்டி எழுப்பினால் பிள்ளைகளோடு அவர் எங்கே போவார்?

பாலைப்பறவை:
நான் இரண்டு முறை போய் வந்தவன். 2013இல் யோக்குல்சார்லோன் ஏரிக்கரையில் வண்டியிலேயே படுத்தேன். மிதக்கும் பனிப்பாறைகள் ஒன்றோடொன்று உரசி முறியும் சத்தம் விடிய விடியக் கேட்டது. ஒருவரும் வந்து கேட்கவில்லை. கூடாரம் அடித்தால்தான் முகாம். வண்டிக்குள் தூங்குவது முகாமா?

குன்றூரான்:
2013! சட்டம் வந்தது 2015. இப்போது அந்த ஏரி பார்க்கிங்கில் இரவு தங்கக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். சரி, இரண்டாவது முறை போனபோது எங்கே தூங்கினீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் தம்பி:
அண்ணே, வெட்டவெளியில் யார் வேண்டுமானாலும் ஒரு இரவு தங்கலாம் என்பது அந்த ஊரின் பழைய உரிமை என்கிறார்களே?

குன்றூரான்:
தம்பி, அது பயிர் செய்யாத நிலத்தில், அதுவும் நிபந்தனைகளோடு, கூடாரம் அடிப்பவருக்கு. கேம்பர்வேனுக்கு இல்லை. ஊர் ஊருக்குத் திடல் இருக்கிறது. ஸ்கோகாஃபாஸ் அருவிக்கு நேர் கீழேயே ஒன்று. பல இடங்களில் முன்பதிவுகூட வேண்டாம். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டினால் கழிப்பறை, தண்ணீர் எல்லாம் கிடைக்கும். அந்தக் காசை மிச்சம் பிடிக்கச் சொல்வதுதான் யோசனையா?

மீனா மதுரை:
தூக்கத்தை விடுங்கள், காற்றைப் பற்றி யாராவது பேசுங்களேன். தென்கரையில் வீக் ஊருக்குப் பக்கத்தில் நான் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான், காற்று பிடுங்கிக்கொண்டு போய்க் கீல் வளைந்துவிட்டது. காற்றில் கதவு போனால் காப்பீடு கிடையாது என்று சொல்லி வாடகைக் கம்பெனி பெரிய தொகை வாங்கிக்கொண்டது. மூக்கு காற்றைப் பார்த்து நிற்கிற மாதிரி வண்டியை நிறுத்துங்கள். இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு திறங்கள்.

பாலைப்பறவை:
பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் மேடம்.

மீனா மதுரை:
சட்டத்தைப் படிக்காமல் யோசனை சொல்கிறவர் எனக்குப் பத்திரம் படிக்கச் சொல்லித் தருகிறாரா? போன வருட அந்தமான் விவாதத்திலும் இதே பேச்சுதான்.

பாலைப்பறவை:
அந்தமானை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே நான் சொன்னதுதான் சரி.

திண்டுக்கல் தம்பி:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. ஜூன் முதல் வாரம், சாதாரண வேனில் லான்ட்மன்னலாய்கர் மலைப்பகுதிக்குப் போகலாமா?

பாலைப்பறவை:
மெதுவாக ஓட்டினால் போகலாம்.

குன்றூரான்:
போகக் கூடாது! அங்கே போவது 'எஃப்' எண் போட்ட மலைப்பாதைகளில். அவற்றில் நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகிற (4x4) வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. ஜூன் முதல் வாரத்தில் அவை பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். வழியில் ஆறு குறுக்கிடும், தண்ணீரில் இறங்கி இன்ஜின் போனால் காப்பீடு கை கொடுக்காது. தீவைச் சுற்றும் வட்டச் சாலையே 1,300 கி.மீ.க்கு மேல். முதல் முறை போகிறவருக்கு அது போதும், பத்து நாளாவது வையுங்கள். கண்ணுக்குக் கட்டக் கறுப்புத் துணி எடுத்துப் போங்கள், ஜூனில் ராத்திரி இருட்டாது. அப்புறம் பாலைப்பறவை சார், இரண்டாவது முறை எங்கே தூங்கினீர்கள்?

பாலைப்பறவை:
அது குளிர்காலம். நண்பர் வீட்டில் தங்கினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2013இல் என்னை ஒருவரும் எழுப்பவில்லை.

குன்றூரான்:
அப்படியென்றால் சட்டம் வந்த பிறகு ஒரு இரவுகூட அங்கே வண்டியில் தூங்கவில்லை. நான் தூங்கியிருக்கிறேன், பதினோரு இரவு, பதினொன்றும் திடலில்.

பாலைப்பறவை:
பயந்தவர் திடலுக்குப் போகட்டும். வண்டிக்குள் தூங்குவது முகாம் இல்லை.

குன்றூரான்:
சட்டத்தில் வண்டி என்றே இருக்கிறது சார். வண்டி என்றே இருக்கிறது.