களப்பணியில் கேட்டவை இரவிலும் தொடர்கின்றன: பயிற்சி மாணவர்கள் என்ன செய்வது?

கேள்வி: சமூகப்பணி முதுகலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் களப்பணி செய்து வருகிறேன். பகலில் கேட்டவை இரவில் உறங்க விடுவதில்லை. அண்மையில் ஒரு சிறுமி பேசிக்கொண்டிருந்தபோது, அவள் சொன்னது காதில் விழுந்தும் மனத்தில் எந்தச் சலனமும் எழாததைக் கவனித்து அஞ்சிப்போனேன். உங்கள் நலனையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஆனால் வகுப்பு, களப்பணி, அறிக்கை என்று நாள் முழுவதும் போய்விடும்போது அதற்கு நேரம் எங்கே? மேற்பார்வையாளரிடம் சொன்னால், இத்தொழிலுக்கு நான் தகுதியற்றவள் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவாரோ என்ற தயக்கமும் இருக்கிறது. இது என் மனவலிமைக் குறைவா?

மறுமொழி 1: உளவளத்துணை கற்பிப்பவர்

இல்லை அம்மா. துன்பப்படுபவர்களோடு நெருங்கிப் பணியாற்றுபவர்களுக்கு இது நேரக்கூடியது என்பது நெடுநாளாக அறியப்பட்ட ஒன்று. பணிச்சோர்வைப் பற்றி உளவியலாளர் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் எழுதினார். பின்னர் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதன் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டினார்: உணர்வு வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை ஒரு மனிதராக உணராமல் விலகிப்போதல், தன் உழைப்பால் பயனில்லை என்று எண்ணுதல். சிறுமியின் முன் உங்களுக்கு ஏற்பட்டது இரண்டாவதன் சாயலாக இருக்கலாம். ஓரிரு முறை அப்படி நேர்ந்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பிறருடைய கொடிய அனுபவங்களைத் தொடர்ந்து கேட்பதால், உலகம் பாதுகாப்பானது என்ற நம்முடைய நம்பிக்கையே ஆட்டம் காண்பது வேறு வகை. உளவியலாளர்கள் மெக்கானும் பேர்ல்மனும் அதை 1990இல் விவரித்தனர். இவ்விரண்டையும் பிரித்தறிவது பயன் தரும்; ஏனெனில் பணிச்சோர்வுக்குப் பணிச்சுமை குறைய வேண்டும், மற்றதற்குக் கேட்டவற்றைப் பேசித் தெளிய ஓர் இடம் வேண்டும்.

மறுமொழி 2: களப்பணி மேற்பார்வையாளர்

மதிப்பெண் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது; எங்களைப் போன்றவர்கள் அதை இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வழிகாட்டுபவரும் மதிப்பிடுபவரும் ஒருவராகவே இருக்கும்போது மாணவர் தம் தளர்வை மறைப்பது இயல்பு. ஆயினும் என் அனுபவத்தில், கவலை தருபவர் தம் நிலையைச் சொல்லும் மாணவர் அல்லர். எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்பவரே.

"என்னால் முடியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், பணியோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: "அந்தச் சிறுமியுடன் பேசும்போது என் கவனம் விலகியது. அடுத்த சந்திப்புக்கு முன் இதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்." இப்படிச் சொல்லும்போது அது சிறுமியின் நலனைப் பற்றிய பேச்சாகவும் அமைகிறது. அப்போதும் அவர் செவிசாய்க்காவிட்டால், களப்பணி ஒருங்கிணைப்பாளரை அணுகத் தயங்காதீர்கள். மருத்துவர்களின் ஜெனீவா உறுதிமொழியில், உயர்ந்த தரத்தில் சிகிச்சை அளிப்பதற்காகத் தம் உடல்நலத்தையும் பேணுவதாகக் கூறும் வரி 2017இல்தான் சேர்க்கப்பட்டது. நம் துறைகளும் இதைத் தனிப்பட்ட விருப்பமாக விட்டுவிடாமல் பயிற்சியின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மறுமொழி 3: இறுதியாண்டு செவிலியர் மாணவர்

அக்கா, நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க எங்களாலும் முடிவதில்லை. அதனால் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும் முன், கை கழுவும் அந்தச் சில நொடிகளில் மூச்சை மெதுவாக விட்டு, முந்தையவரைப் பற்றிய எண்ணத்தை அங்கேயே நிறுத்தப் பழகியிருக்கிறோம். அறிக்கையைப் படுக்கையில் வைத்து எழுதுவதையும் விட்டுவிடுங்கள்; எழுதி மூடிய பிறகே வீட்டுக்குப் புறப்படுவது உறக்கத்துக்கு நல்லது. இரகசியம் காக்க வேண்டும் என்பதால் வீட்டில் வாயே திறக்காமல் இருக்க வேண்டியதில்லை. அவர்களுடைய கதையைச் சொல்லக் கூடாது, ஆனால் "இன்று மனம் கனத்திருக்கிறது, சற்று நேரம் உடன் இருங்கள்" என்று சொல்லலாம்.

மறுமொழி 4: உளவளத்துணை கற்பிப்பவர்

தம்பி சொன்னவை நல்ல வழிகள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, கேட்ட காட்சிகள் தாமாகவே கண்முன் வந்துகொண்டிருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தாலோ இத்தகைய பழக்கங்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மதிப்பெண்ணோடு தொடர்பில்லாத ஒரு மனநல மருத்துவரையோ உளவளத்துணையாளரையோ உடனே பாருங்கள்.