ஐரிஷ் தெரியாமல் ஐரிஷ் வாசகத்துக்குப் பொறுப்பு: டப்ளின் மியூசியம் வேலை, அவசரம்

திருச்சி மீரா
எல்லோருக்கும் வணக்கம். டப்ளினில் ஒரு கலை மியூசியத்தில் கம்யூனிகேஷன்ஸ் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் கண்காட்சி திறப்பு. எங்கள் பிரிவில் ஐரிஷ் தெரிந்த ஒரே ஆள் பிரசவ விடுப்பில் போய்விட்டார். அழைப்பிதழ், சுவரில் வரும் அறிமுக வாசகம், இன்ஸ்டாகிராம் பதிவு எல்லாமே ஆங்கிலம், ஐரிஷ் இரண்டு மொழியிலும் வர வேண்டும். இன்று சாயங்காலம் மேலாளர், "ஐரிஷையும் நீயே பார்த்துக்கொள், ஏதாவது ஆப்பில் போட்டு எடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். புதன் மதியம் எல்லாம் அச்சகத்துக்குப் போக வேண்டும். எனக்கு ஐரிஷில் வணக்கம், நன்றி தவிர ஒன்றும் தெரியாது. தூக்கமே வரவில்லை. வேலை போய்விடுமா?

லூக்கன் ராஜா
தைரியமா இருங்க தங்கச்சி. வந்த புதிதில் எல்லோருக்கும் இப்படித்தான். நான் நவம்பரில் வந்து இறங்கினேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பிபிஎஸ் எண்ணுக்கு (வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் தேவைப்படும் அடையாள எண்) முகவரிச் சான்று கேட்டார்கள். வீட்டுக்காரர் கடிதம் தர மாட்டேன் என்றார். பிபிஎஸ் இல்லாமல் சம்பளத்தில் எமர்ஜென்சி டாக்ஸ் என்று அதிக வரி பிடித்தார்கள். நீங்கள் ரெவன்யூ (வரித்துறை) தளத்தில் புது வேலையைப் பதிவு செய்துவிட்டீர்களா? முதலில் அதைப் பாருங்கள். வைட்டமின் டி மாத்திரையும் விடாதீர்கள். குளிர்காலத்தில் மனது சோர்ந்து போவதற்கு வெயில் இல்லாததும் ஒரு காரணம்.

பிரே கார்த்திக்
இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆங்கிலத்தை ஏஐ-யில் போட்டு ஐரிஷ் எடுங்கள், ஐரிஷ் ஆள் யாரிடமாவது ஒரு தடவை காட்டுங்கள், முடிந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே. என் அலுவலகத்தில் ஒருவர்கூட ஐரிஷ் பேசி நான் பார்த்ததில்லை. ஆங்கிலம்தான் படிப்பார்கள்.

யாழ் கார்க்
பிள்ளை, கொஞ்சம் பொறுங்கோ. கார்த்திக் தம்பி சொல்லுறதை மட்டும் செய்யாதையுங்கோ. இலங்கையில் அரசாங்கப் பலகைகளில் தமிழ் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மேலே சிங்களம் சரியாக இருக்கும், கீழே ஆங்கிலம் சரியாக இருக்கும், நடுவில் தமிழ் மட்டும் எழுத்துக் கொலை. யாரோ தமிழ் தெரியாதவர் அவசரத்தில் போட்டு, யாரும் பார்க்காமல் அடித்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அதே வேலையை இன்னொருவரின் மொழிக்கு நாங்கள் செய்யக்கூடாது. பள்ளிக்கூடத்தில் படித்தவர் எல்லோரும் திருத்தமாக எழுத மாட்டினம். நாங்களும் தமிழ் படித்தோம், எத்தனை பேருக்கு ஒற்றுப்பிழை இல்லாமல் எழுத வரும்?

நர்ஸ் செல்வி
மீரா, உங்களுக்கு ஸ்டாம்ப் (குடியேற்ற அனுமதி வகை) என்ன? ஸ்டாம்ப் 1ஜியா, உங்கள் பெயரிலேயே வேலை பெர்மிட்டா? புரொபேஷன் முடிந்ததா? அதைச் சொல்லாமல் வேலை போகுமா போகாதா என்று யாராலும் சொல்ல முடியாது. கணவருக்கு கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட் (ஆள் தட்டுப்பாடுள்ள திறன் வேலைகளுக்கான அனுமதி) இருந்து நீங்கள் 1ஜியில் இருந்தால், இந்த வேலை போனாலும் தனி பெர்மிட் இல்லாமல் வேறு வேலை தேடலாம். உங்கள் பெயரில் பெர்மிட் என்றால் கதையே வேறு. ஐஆர்பி கார்டு (குடியிருப்பு அனுமதி அட்டை) புதுப்பிக்கும் தேதியையும் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் 300 யூரோ. எங்கள் வார்டில் ஒரு பெண் தேதியை விட்டுவிட்டு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

பிரே கார்த்திக்
அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இலங்கையில் தமிழர் தமிழில்தான் வாழ்கிறார்கள், இங்கே நிலைமை அப்படி இல்லை. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர்தான். அதைத்தான் சொன்னேன்.

யாழ் கார்க்
அந்த 72 ஆயிரம் பேரில் ஒருவர் சுவருக்கு முன்னால் வந்து நிற்பார் தம்பி. அவருக்காகத்தான் அந்த வாசகமே.

லூக்கன் ராஜா
என் பெரியவனுக்குப் பள்ளியில் ஐரிஷ் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. யாராவது விலக்கு வாங்கியிருக்கிறீர்களா?

நர்ஸ் செல்வி
12 வயது நிறைந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் பிள்ளை என்றால் கேட்கலாம். சின்ன வயதிலேயே வந்துவிட்டால் அந்த வழியில் கிடைக்காது. என் மகள் இங்கேயே தொடங்கினாள், இப்போது வீட்டில் ஐரிஷ் பாட்டுதான் ஓடுகிறது. விட்டுப் பிடியுங்கள் அண்ணா.

தாலா புதுக்குடி
பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கட்டும், வீடு கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது. வீடு பார்க்கப் போனால் தெரு முனை வரை வரிசை. நேற்று ஒருவர் மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். இந்த ஊரில் மனிதன் குடியிருக்கவே முடியாதா?

லூக்கன் ராஜா
கொடுக்காதீர்கள். 2021 முதல் சட்டப்படி ஒரு மாத டெபாசிட், ஒரு மாத வாடகை, அவ்வளவுதான் முன்னால் வாங்கலாம். ஆனால் சட்டம் பேசினால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. கார் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்காதீர்கள், அதற்குக் கேட்கும் பணத்தில் ஊரில் ஒரு பழைய வண்டியே வாங்கிவிடலாம்.

கோல்வே சுமதி
வீட்டுக் கதைக்குத் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து. மீராவுக்குப் புதன் மதியம்தான் கெடு.

மீரா, நான் இங்கே ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் இருக்கிறேன். மாலை வகுப்பில் ஐரிஷ் படித்து வருகிறேன். முதலில் ஒரு கேள்வி: உங்கள் மியூசியம் அரசுப் பொது அமைப்பா, தனியாருடையதா? பொது அமைப்பு என்றால் 2003 ஆட்சிமொழிச் சட்டமும் 2021 திருத்தமும் கட்டுப்படுத்தும். அந்தத் திருத்தப்படி மொழிக் கடமைகளுக்கு உயர் நிர்வாகத்தில் ஒருவரைப் பொறுப்பாக நியமித்திருக்க வேண்டும். அவர் யார் என்று நாளைக் காலை முதல் வேலையாக விசாரியுங்கள். இந்தப் பாரம் உங்கள் தலையில் தனியாக விழ வேண்டியது இல்லை. கேட்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது, எது சட்டம், எது மியூசியமே விரும்பிச் செய்வது என்று பிரியுங்கள். ஆண்டறிக்கை இரு மொழியிலும் வர வேண்டும். ஐரிஷில் கடிதமோ மின்னஞ்சலோ வந்தால் ஐரிஷில்தான் பதில். பொதுமக்களுக்கு மொத்தமாக அனுப்பும் மின்னஞ்சல் ஐரிஷிலோ இரு மொழியிலோ இருக்க வேண்டும், உங்கள் அழைப்பிதழ் பெரும்பாலும் இதில் வரும். 2022 அக்டோபரிலிருந்து, ஆண்டு விளம்பரங்களில் குறைந்தது 20 சதவீதம் ஐரிஷில், விளம்பரச் செலவில் 5 சதவீதம் ஐரிஷ் மொழி ஊடகங்களுக்கு. பலகைகளுக்குத் தனி விதி: ஐரிஷ் முதலில், எழுத்து ஆங்கிலத்தைவிடச் சின்னதாகவோ மங்கலாகவோ இருக்கக்கூடாது. உங்கள் சுவர் வாசகம் இதில் எதற்குள் வருகிறது என்பதை அந்தப் பொறுப்பாளரே சொல்லட்டும்.

மொழிபெயர்ப்புக்கு, ஐரிஷ் மொழியை வளர்க்கும் ஃபோரஸ் நா கேல்கே அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆள் பிடிப்பதற்கு முன் பழைய கோப்புகளைப் பாருங்கள். விடுப்பில் போனவர் வழக்கமாக யாருக்கு அனுப்பினார், யாருக்குப் பில் போட்டார்கள் என்று கணக்குப் பிரிவில் கிடைக்கும். அதே ஆளைப் பிடித்தால் மியூசியத்தின் நடை, பெயர்கள் எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

திருச்சி மீரா
அக்கா, ரொம்ப நன்றி. சொல்ல விட்டுப்போனவை: நான் 1ஜி. புரொபேஷனில்தான் இருக்கிறேன். மியூசியம் பொது அமைப்பு. ஆங்கில வாசகம் சுமார் 250 சொல். டிசைனர் ஆங்கிலத்தை வைத்து லேஅவுட் முடித்துவிட்டார், ஐரிஷுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. தலைப்பு இரண்டு மொழியிலும் முழுக்கப் பெரிய எழுத்தில்.

கோல்வே சுமதி
அந்தக் கட்டம் போதாது. ஐரிஷ் வாசகம் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட நீளமாக வரும். இடம் இல்லை என்று எழுத்தைச் சின்னதாக்கிவிடுவார்கள், அதற்கு விடாதீர்கள். ஆங்கிலத்தை 200 சொல்லுக்குக் குறைக்க முடியுமா என்று கியூரேட்டரிடம் (கண்காட்சியை அமைப்பவர்) கேளுங்கள். இரண்டும் மூச்சு விடும்.

பெரிய எழுத்துத் தலைப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. டப்ளினின் ஐரிஷ் பெயருக்கு முன்னால், "டப்ளினில்" என்று வரும் இடத்தில் ஒரு எம் எழுத்து ஒட்டும். முழு வரியும் பெரிய எழுத்தில் இருந்தாலும் அந்த எம் சின்ன எழுத்தாகவே நிற்க வேண்டும். டிசைனர் மென்பொருளில் "எல்லாம் பெரிய எழுத்து" பொத்தானை அழுத்தினால் அதுவும் பெரியதாகிவிடும், ஐரிஷ் தெரிந்தவர் கண்ணில் உடனே குத்தும். "கான்வாஸில் எண்ணெய் வண்ணம்" என்று படைப்புக் குறிப்பில் வரும் இடமும் அப்படித்தான். கான்வாஸ் என்ற சொல்லின் முதல் எழுத்துக்குப் பின்னால் ஒரு எச் சேரும். எழுத்துப்பிழை என்று நினைத்து யாராவது நல்லெண்ணத்தில் நீக்கிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் அனுப்பியதில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தட்டச்சு செய்யக்கூடாது, காப்பி எடுத்து ஒட்ட மட்டும் செய்யுங்கள் என்று டிசைனரிடம் எழுத்திலேயே சொல்லுங்கள். ஃபாடா குறிகள், அதாவது ஐரிஷில் சில உயிரெழுத்துகளின் மேல் வரும் சாய்கோடுகள், அந்த எழுத்துருவில் சரியாக விழுகிறதா என்று ஒரு தடவை அச்சிட்டே பாருங்கள், திரையை நம்பாதீர்கள். கடைசி பிடிஎஃப் மறுபடியும் மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டும். அந்தக் கடைசிப் பார்வைக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள்.

ஓவியத் தலைப்புகளை நீங்களாக மாற்ற வேண்டாம். கலைஞரோ அவர் தரப்போ ஒப்புக்கொண்டால்தான் ஐரிஷில் போட வேண்டும்.

பிரே கார்த்திக்
இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது அக்கா. புதனுக்குள் ஆள் கிடைக்காவிட்டால்?

கோல்வே சுமதி
அப்போது அச்சைப் பிரிக்க வேண்டும். அழைப்பிதழ் சின்னது, அதை முதலில் முடிக்கலாம். சுவர் வாசகம் வினைல் ஸ்டிக்கர்தானே, திறப்புக்கு முந்தின நாள் வரை ஒட்டலாம். மேலாளரிடம் "முடியாது" என்று சொல்லாமல், "இது புதன், இது வெள்ளி, செலவு இவ்வளவு" என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். புரொபேஷனில் இருக்கும்போது இப்படி எழுத்தில் வைப்பதுதான் பாதுகாப்பு.

யாழ் கார்க்
சுமதி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ: டேர்மா தளத்தில் கலைத்துறைச் சொற்கள் இருக்கு, லோகானிம் தளத்தில் ஊர்ப்பெயர்கள் இருக்கு. மொழிபெயர்க்க இல்லை, வந்ததைச் சரிபார்க்க.

திருச்சி மீரா
செவ்வாய் இரவு. கணக்குப் பிரிவில் பழைய மொழிபெயர்ப்பாளரின் பெயர் கிடைத்தது. அழைப்பிதழும் தலைப்பும் நாளைக் காலை தருகிறேன் என்றார், சுவர் வாசகம் வெள்ளி. கியூரேட்டர் ஆங்கிலத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டார். மேலாளர் மின்னஞ்சலுக்கு "ஓகே" என்று மட்டும் பதில் போட்டார், செலவையும் ஒப்புக்கொண்டார். மொழிப் பொறுப்பாளர் யார் என்றும் தெரிந்துவிட்டது, வியாழன் அவரைப் பார்க்கிறேன். டிக்கெட் மென்பொருளில் பார்வையாளர் பெயரில் ஃபாடா போட்டால் கேள்விக்குறியாக மாறுகிறது, அதையும் அவரிடம் கொண்டுபோகிறேன். சுமதி அக்கா, மாலை வகுப்பு எங்கே, ஐரிஷ் மொழிச் சங்கமான கோன்ரா நா கேல்கேயிலா? டி.இ.ஜி. என்ற ஐரிஷ் மொழித் தேர்வில் தொடக்க நிலையான ஏ1-க்கு எவ்வளவு காலம் படிக்க வேண்டியிருக்கும்?