இறுவட்டுப் பாடங்கள் உபுண்டுவில் திறக்கவில்லை, பிளகின் போட்டும் சரிவரவில்லை

முல்லை ரீச்சர்

வணக்கம். முள்ளியவளைப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். ஒரு அலுவலகம் கழித்த மூன்று கணினிகளை எங்களுக்குத் தந்தார்கள். ஊர்த் தம்பி ஒருவர் மூன்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டுத் தந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். இப்போது கேட்க ஆளில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு பழைய பாட இறுவட்டு என்னிடம் இருக்கிறது. எழுத்து, எண், வாய்ப்பாடு எல்லாம் விளையாட்டாக வரும். முன்பு விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் நன்றாக ஓடியது. போன மாரியில் இடி விழுந்து அந்தக் கணினி போய்விட்டது. இறுவட்டில் உள்ளதைப் புதியவற்றில் கொப்பி பண்ணிப் பயர்பொக்ஸில் திறந்தால், முதல் பக்கம் வருகிறது, விளையாட்டு வரவேண்டிய இடத்தில் "இதைப் பார்க்க ஃபிளாஷ் பிளேயர் தேவை" என்ற வரி மட்டும் நிற்கிறது.

தெரிந்த ஒருவரின் பென் டிரைவில் லினக்ஸுக்கான ஃபிளாஷ் பிளகின் பைல் இருந்தது. அதை ஹோமில் மறைந்திருக்கும் மொசில்லா போல்டருக்குள் "பிளகின்ஸ்" என்று ஒரு போல்டர் செய்து போட்டேன். கணினியை மூன்று தரம் நிறுத்திப் போட்டும் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இதைத் தேடித் தேடியே இந்த மாத டேட்டா பாதி முடிந்துவிட்டது. நான் எங்கே பிழை விடுகிறேன்?

குளத்தடி

பழைய பயர்பொக்ஸ் ஒன்றை எடுத்துப் போடுங்கள் ரீச்சர். 2019இல் நான் அப்படித்தான் ஓட்டினேன், பிரச்சினை இல்லை.

அறிவியல்நகர் பொடியன்

குளத்தடி அண்ணை, 2019இல் ஓடியிருக்கும். இப்போது அது சரிவராது.

ரீச்சர், உங்களில் பிழை இல்லை. பைலை அந்தக் காலத்தில் சரியாக இருந்த இடத்தில்தான் போட்டிருக்கிறீர்கள், அதை எடுத்து ஓட்டும் வசதிதான் பிரவுசரில் இப்போது இல்லை. ஃபிளாஷ் என்பது வலைப்பக்கத்துக்குள் அசையும் படமும் விளையாட்டும் காட்டிய அடோபியின் பழைய நிரல், பிரவுசரில் பிளகினாக ஓடியது. பிளகின் என்பது பிரவுசருக்கு வெளியே ஓடும் தனி நிரல், பக்கத்தின் ஒரு துண்டு இடத்தை அதற்குக் கொடுத்துவிடுவார்கள். பாதுகாப்பு ஓட்டைகள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்தன. அதனால் குரோம் 2015இலேயே அந்தப் பழைய முறையை எடுத்துவிட்டது. பயர்பொக்ஸ் 2017இல் ஃபிளாஷை மட்டும் விட்டுவைத்து மற்றப் பிளகின்களை நீக்கியது. பிறகு 2021 ஜனவரியில் வந்த 85ஆம் பதிப்போடு ஃபிளாஷும் போய்விட்டது. அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பாடங்களை ஓட்ட மறுக்கும்படி கடைசிப் பதிப்புகளுக்குள்ளேயே எழுதியும் வைத்தார்கள். ஆக, பழைய பிரவுசரைத் தேடிப் போட்டாலும் அதற்கேற்ற பழைய பிளகினும் வேண்டும். பிள்ளைகள் தொடும் கணினியை அந்த நிலையில் இணையத்தோடு விடக்கூடாது.

நீங்கள் பார்க்கும் அந்த வரி பயர்பொக்ஸ் சொல்வதுமில்லை. பாடத்தைச் செய்தவர்கள் அந்தக் காலத்தில் பக்கத்துக்குள் எழுதி வைத்தது.

இப்போதைய வழி ரஃபிள். ஃபிளாஷ் பைல்களை அடோபியின் நிரல் இல்லாமலே ஓட்டிக் காட்டும் திறந்த மூல நிரல். பயர்பொக்ஸின் அட்-ஓன் பக்கத்தில் எக்ஸ்டென்ஷனாகக் கிடைக்கும். இது பிரவுசருக்குள்ளேயே ஓடுவதால் மறைந்த போல்டர் வேலை ஒன்றும் இல்லை. தயவுசெய்து "ஃபிளாஷ் டவுன்லோட்" என்று கூகிளில் தேடாதீர்கள். அதில் வருகிற தளங்களில் பாதி வைரஸ் தான்.

முல்லை ரீச்சர்

நன்றி தம்பி. ரஃபிள் போட்டேன். சின்னப் பைல்தான், டேட்டா பெரிதாகப் போகவில்லை.

ஆனால் இப்போது கணினிக்கொரு கதை. முதலாவதில் விளையாட்டு வரும் இடத்தில் ரஃபிளின் பெட்டி வந்து, பைலை நேரடியாகத் திறந்தால் பிரவுசர் தடுக்கும் என்று ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறது. இரண்டாவதில் பக்கமே திறக்கவில்லை. பிள்ளைகள் அழித்துவிடக் கூடாது என்று ஊர்த் தம்பி அதில் பாடங்களை ஹோமுக்கு வெளியே "ஓப்ட்" என்ற போல்டரில் வைத்திருக்கிறார். பைல் மேனேஜரில் கண்முன்னே இருக்கிறது, பயர்பொக்ஸைக் கேட்டால் இல்லை என்கிறது! மூன்றாவதைப் பயத்தில் தொடவில்லை.

பாலைப்பழம்

இரண்டும் வெவ்வேறு நோய், மருந்து ஒன்றுதான்.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். உபுண்டு 22.04இல் பயர்பொக்ஸ் ஸ்நாப் என்ற பொதியாக வருகிறது. அது வேலி போட்ட வளவு மாதிரி. உங்கள் ஹோமில் சாதாரணமாகத் தெரியும் போல்டர்களைப் பார்க்கும், ஓப்ட் போன்ற இடங்களுக்கு எட்டாது. பைல் மேனேஜர் வேலிக்கு வெளியே நிற்பதால் அதற்குத் தெரிகிறது.

முதலாவதில் பயர்பொக்ஸ் பக்கத்தைத் திறந்துவிட்டது. ஆனால் வட்டில் இருந்து நேரே திறந்த ஒரு பக்கம் பக்கத்தில் கிடக்கும் இன்னொரு பைலைத் தானாக வாசிக்க இப்போதைய பிரவுசர்கள் விடுவதில்லை. ரஃபிள் விளையாட்டுப் பைலை அப்படித்தான் எடுக்கப் பார்க்கிறது.

இரண்டுக்கும் சேர்த்து, அந்தப் போல்டரை ஒரு குட்டி வலைத்தளமாக்கிவிடுங்கள். இணையம் தேவையில்லை, உபுண்டுவில் இருக்கும் பைத்தன் என்ற நிரலே போதும். பாடம் இருக்கும் போல்டருக்குள் வலது கிளிக் செய்து டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள். என் போனில் தமிழ் கீபோர்ட் மட்டும்தான், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்:

பைத்தன்3 -எம் எச்டிடிபி.சர்வர் 8000

பைத்தனுக்கும் 3க்கும் நடுவில் இடைவெளி இல்லை. மற்ற இடங்களில் ஒவ்வோர் இடைவெளி. டெர்மினலை மூடாமல் விட்டுவிட்டுப் பயர்பொக்ஸின் முகவரிப் பட்டியில் 127.0.0.1:8000 என்று அடியுங்கள். பைல்களை வாசித்துக் கொடுப்பது இப்போது பைத்தன், அது ஸ்நாப் வேலிக்கு வெளியே இருக்கிறது. ஆகவே ஓப்டில் இருந்தாலும் பரவாயில்லை.

மூன்று கணினியும் ஒரே ரவுட்டரில் இருந்தால் ஒன்றில் மட்டும் இதைச் செய்தால் போதும். அந்தக் கணினியின் ஐபி முகவரியை வைஃபை செட்டிங்கில் பார்த்து, மற்ற இரண்டிலும் அதையும் முக்காற்புள்ளி போட்டு 8000ஐயும் அடியுங்கள். மூன்றிலும் ரஃபிள் இருக்க வேண்டும். டேட்டா ஒரு சதமும் போகாது.

முல்லை ரீச்சர்

திறந்தது!! பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தார். ஐபி வழியாக மற்ற இரண்டிலும் வருகிறது.

இன்னும் இரண்டு குறை. விளையாட்டுக்குள் தமிழ் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றியுள்ள பக்கத்தில் தலைப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கின்றன. மற்றது, வாய்ப்பாடு விளையாட்டு மட்டும் ஏழாம் வாய்ப்பாட்டில் அப்படியே நின்றுவிடுகிறது.

குளத்தடி

ஏழாம் வாய்ப்பாட்டில் நானும் அந்த நாளில் நின்றவன் ரீச்சர்.

பாலைப்பழம்

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் என்றால் பாமினி எழுத்துரு தான். யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீடு வருவதற்கு முன் எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் தட்டச்சு செய்தது அதில். அந்தப் பக்கத்துக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள், பாமினி எழுத்துரு இருந்தால் மட்டும் அவை தமிழாகத் தெரியும். இறுவட்டிலேயே எழுத்துருப் பைல் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அதை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் பொத்தானை அழுத்தி, பயர்பொக்ஸை மூடித் திறங்கள். ஒவ்வொரு கணினியிலும் செய்ய வேண்டும். விளையாட்டுகளில் எழுத்துருவை உள்ளேயே பொதிந்திருப்பார்கள், அதனால்தான் அங்கே சரியாக வருகிறது.

அறிவியல்நகர் பொடியன்

வாய்ப்பாடு நிற்பதற்கு வேறு காரணம் இருக்கலாம். பழைய ஃபிளாஷ் விளையாட்டுகள் ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 என்ற மொழிகளில் எழுதப்பட்டவை, ரஃபிள் அவற்றைக் கிட்டத்தட்ட முழுதாக ஓட்டும். பிந்தியவை ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3. அதில் இன்னும் வேலை முடியவில்லை, சில இடங்களில் நிற்கும். உங்கள் வாய்ப்பாடு மற்றவற்றுக்குப் பிறகு செய்ததாக இருக்க வேண்டும். ரஃபிளை அடிக்கடி புதுப்பிக்கிறார்கள், எக்ஸ்டென்ஷனை அப்டேட் ஆக விட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பாருங்கள்.

முல்லை ரீச்சர்

இறுவட்டில் பாமினி இருந்தது, போட்டேன், தலைப்புகள் தமிழாகிவிட்டன. வாய்ப்பாடு நிற்கட்டும், அதற்குக் கரும்பலகை இருக்கிறது.

நேற்று கரண்ட் போய் வந்த பிறகு ஒன்றும் திறக்கவில்லை. நான் இல்லாத நாளில் பெரிய பிள்ளை ஒருத்திதான் வகுப்பைப் பார்ப்பாள், அவளுக்கு டெர்மினல் காட்டிக் கொடுக்க ஏலாது.

பாலைப்பழம்

கரண்ட் போனால் டெர்மினலில் ஓடும் அந்தப் பைத்தன் சர்வரும் நின்றுவிடும். மெனுவில் ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ் என்று இருக்கிறது, திறந்து "அட்" கொடுத்து அதே கட்டளையைப் போடுங்கள். கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு கோடு சேர்த்து "டைரக்டரி", மறுபடி இடைவெளி, பிறகு பாடம் இருக்கும் போல்டரின் முழுப் பாதை. கணினிக்குள் நுழைந்ததும் தானாக ஓடும்.

அப்படியும் மற்ற இரண்டிலும் திறக்காவிட்டால் ரவுட்டர் புது ஐபி கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்த ஒரு கணினிக்கு முகவரியை ஒதுக்கிவிடலாம். மொடல் இலக்கத்தைப் போடுங்கள், எங்கே இருக்கும் என்று சொல்கிறேன்.

முல்லை ரீச்சர்

ஸ்டார்ட்அப்பில் போட்டேன். இரண்டு தரம் மெயின் சுவிட்சை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன், தானாக வருகிறது. ஐபி முதல் தரம் 192.168.1.5, இரண்டாம் தரம் 192.168.1.7. நீங்கள் சொன்னதேதான் அண்ணை. ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த தாள் கிழிந்து போயிருக்கிறது, நாளைக்குப் பின்னேரம் படம் எடுத்துப் போடுகிறேன்.