மறு: லிமிட்டிங் அமினோ ஆசிட், தமிழ்ல என்ன சொல்லலாம்?

> 'அரிசியில் லைசின் கட்டுப்படுத்தும் அமினோ அமிலம்'னு போட்டா போதாதா?

போதாது ஐயா. நேத்து நைட்டு இந்த வரியை அம்மாகிட்ட படிச்சு காட்டினேன், "எதை கட்டுப்படுத்துது, சுகரையா?"ன்னு கேட்டாங்க. அவங்கள சொல்லி குத்தமில்ல, நம்ம ஊர்ல கட்டுப்படுத்துறதுன்னாலே சுகரும் பிரஷரும்தான்.

விஷயம் வேற. உடம்பு புரதம் கட்டுற செங்கல்தான் அமினோ அமிலங்கள், லைசின் அதுல ஒண்ணு. அது எதையும் அடக்கல, அது பத்தாததால மத்த அமினோ அமிலங்கள் நிறைய இருந்தும் புரதம் கட்ட ஆகாம நிக்குது. டெய்லர்கிட்ட 10 சட்டைக்கு துணி இருக்கு, பட்டன் 6 சட்டைக்குதான் வரும்னா 6 தானே தைப்பாரு. ஆனா மிச்சத்துணி மாதிரி உடம்பு எடுத்து வச்சுக்காது, மிஞ்சின அமினோ அமிலத்தை ஈரல் உடைச்சு, அதுல உள்ள நைட்ரஜனை யூரியாவாக்கி மூத்திரத்துல அனுப்பிடும்.

பெரியவங்களுக்கு கிலோ எடைக்கு தினம் 30 மில்லிகிராம் லைசின்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2007 அறிக்கை சொல்லுது, 60 கிலோ ஆளுக்கு 1800. உடம்பு தானா செஞ்சுக்க முடியாது, கொலாஜனுக்கும் (தோல், எலும்புல உள்ள புரதம்) கார்னிட்டைனுக்கும் (கொழுப்பை எரிக்க உதவுறது) இதுதான் வேணும், சாப்பாட்டுல வந்தாதான் உண்டு. அரிசிப் புரதத்துல இதுதான் துண்டு விழுது. பருப்புல லைசின் தாராளம், அங்க பத்தாம போறது மெத்தியோனின்ங்கிற இன்னொரு அமினோ அமிலம். வெண்பொங்கல்ல ரெண்டும் சேர்ந்து ஒண்ணோட ஓட்டையை இன்னொண்ணு அடைச்சிடுது (நெய் முந்திரி எல்லாம் நம்ம நாக்குக்கு).

அக்கா சொன்ன 'பற்றாக்குறை அமிலம்' நல்லாதான் இருக்கு, ஆனா படிக்கிறவங்க ரத்த சோகை மாதிரி ஆளுக்கு வந்த குறைன்னு எடுத்துக்குவாங்க, இங்க குறை சாப்பாட்டுல. 'துண்டு அமிலம்'னு யோசிச்சேன், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

என் ஓட்டு 'முட்டு அமிலம்'. கைமுட்டு, முட்டுப்பாடுன்னு பழைய சொல்லு இருக்கு, பணம் பத்தாம திண்டாடுறது. இப்ப 'முட்டு குடுக்கிறது'ன்னா வேற அர்த்தம்னு சண்டைக்கு வருவீங்க, தெரியும். அதான் தனியா போடாம எப்பவும் சாப்பாட்டுப் பொருளோட சேர்த்தே எழுதணும்: அரிசியின் முட்டு அமிலம் லைசின், பருப்பின் முட்டு அமிலம் மெத்தியோனின்.

இன்னொரு வசதி, அரிசியில லைசினுக்கு அடுத்து திரியோனின் பத்தாம வரும், அதை 'இரண்டாம் முட்டு'ன்னு முடிச்சுக்கலாம். 'இரண்டாம் கட்டுப்படுத்தும் அமினோ அமிலம்'னு ஒருதடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க ஐயா.