பிஎச்டி முடிச்சிட்டு ஜர்னல் எடிட்டர் வேலைக்குப் போகலாமா?

யிஷூன்வாசி:
வணக்கம். என்டியூ யுனிவர்சிட்டில மெட்டீரியல்ஸ் பிஎச்டி முடியப்போகுது. லேப் வேலை அலுத்துப்போச்சு ஆனா சயின்ஸ விட மனசில்ல. இங்க சிங்கப்பூர்லயே ஒரு ஜர்னல்ல எடிட்டர் வேலைக்கு இன்டர்வியூ கூப்பிட்டிருக்காங்க. போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் செய்ற தற்காலிக ரிசர்ச் வேலை) போகாம இதுக்குப் போனா பின்னாடி வருத்தப்படுவேனா? உள்ள இருக்கிறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

செங்காங் அக்கா:
தம்பி நான் இதே வேலைலதான் இருக்கேன். பேட்டரி, பெரோவ்ஸ்கைட், கேட்டலிஸ்ட்னு தினம் ஒண்ணு படிக்கலாம், வெளிய யாரும் பாக்காத ரிசல்ட்ட நாம முதல்ல பாக்குறோம், அந்த சந்தோஷம் எனக்கு இன்னும் குறையல. கஷ்டம் என்னன்னா வர்ற பேப்பர்ல பெரும்பகுதிய ரிவியூவுக்கே, அதாவது அதே துறை ஆளுங்க படிச்சு மதிப்பிடுறதுக்கே, அனுப்பாம திருப்பணும். வருஷக்கணக்கா உழைச்சவங்களுக்கு ஒரு மெயில்ல முடியாதுன்னு சொல்றது லேசுப்பட்ட காரியமில்ல, அதனால காரணத்தயாவது உருப்படியா எழுதிடுவேன். ரிவியூவர் பிடிக்கிறது அதவிடப் பெரும்பாடு, பெரும்பாலான ஜர்னல்ல அவங்களுக்கு ஒரு காசும் கிடையாது, யாரக் கேட்டாலும் டைம் இல்லம்பாங்க. அப்புறம் ஒண்ணு, ரெண்டு மூணு வருஷம் போனா உங்க பேர்ல புது பேப்பர் இருக்காது, திரும்ப ரிசர்ச்சுக்கு வர்றது ரொம்ப கஷ்டம். இத யோசிச்சுக்கோங்க.

புரொடக்ஷன் ஆளு:
எடிட்டர் வேலை மட்டும் இல்லீங்க. 1981லேர்ந்து இங்கயே இருக்கிற வேர்ல்ட் சயின்டிஃபிக் மாதிரி பதிப்பகத்துல புக் எடிட்டிங்கும் உண்டு. பக்கம் அமைக்கிற டைப்செட்டிங், கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி குறியிடுற எக்ஸ்எம்எல் வேலையெல்லாம் நிறைய கம்பெனிங்க சென்னை, பாண்டிச்சேரிக்குத்தான் அனுப்புறாங்க, தமிழ் தெரிஞ்சா அந்த டீமோட பேசிப் பழக ஈஸி.

கிளமென்டி:
யாரும் பணத்தப் பத்திப் பேசல. 2021ல நேச்சர் ஜர்னல்ல ஓப்பன் ஆக்சஸ் கட்டணம், அதாவது எல்லாரும் இலவசமா படிக்கிறதுக்காக பேப்பர் எழுதினவங்க தரப்புல கட்டுறது, 9,500 யூரோ. எல்லா ஜர்னலும் அவ்வளவு வாங்காது, ஆனா ஒவ்வொரு பேப்பருக்கும் காசுன்னு ஆனதும் நிறைய போடணும்னு ஆசை வந்துடுது. ஹிந்தாவிங்கிற ஜர்னல் கம்பெனிய 2021ல வைலி பதிப்பகம் வாங்கினாங்க, பேப்பர் மில் (காசுக்குப் போலி பேப்பர் தயாரிச்சு விக்கிறவங்க) சரக்கு உள்ள புகுந்து 2023ல மட்டும் 8,000 பேப்பருக்கு மேல வாபஸ், கடைசில அந்தப் பேரையே கைவிட்டாங்க. அந்த மாதிரி இடத்துல நேர்மையான எடிட்டர் என்ன பாடுபடுவாரு சொல்லுங்க. இன்டர்வியூல நேராவே கேளுங்க, எத்தன பேப்பர் ஏத்துக்கணும்னு டார்கெட் இருக்கான்னு.

யிஷூன்வாசி:
ரொம்ப நன்றி. இப்படிக் கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?

செங்காங் அக்கா:
மாட்டாங்க. ஒழுங்கான இடம்னா, கட்டணம் பாக்கிறவங்க வேற, பேப்பர முடிவு பண்றவங்க வேறன்னு தெளிவா சொல்லுவாங்க. மழுப்பினா சேராதீங்க.