கல்லூரிப் படிவத்தில் இன்ஸ்டா கணக்கும் அபார் சம்மதமும் கேட்கிறார்கள், மறுக்கலாமா?

அல்சூர் அம்மா:
மகள் இங்கே பெங்களூரில் பி.காம் முதல் வருடம். அரசு கேட்கிறது என்று கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஆதார் எண், சாதி, வருமானம், ரத்த வகை, இன்ஸ்டாகிராம் கணக்கு, கூடவே அபார் ஐடிக்கு (ஒவ்வொரு மாணவருக்கும் படிப்பு விவரங்களைச் சேர்த்துவைக்க அரசு தரும் எண்) சம்மதக் கையெழுத்து. நிரப்பாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லையாம். இன்ஸ்டா கணக்கைத் தரவே மாட்டேன் என்கிறாள் மகள். நானும் அவள் பக்கம்தான். சட்டம் என்ன சொல்கிறது?

சிவாஜிநகர் வக்கீல்:
மகள் சொல்வதுதான் சரி, மேடம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைப் போட்ட ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி நம்ம பெங்களூர்க்காரர். அரசு ஒரு தகவலைக் கேட்டால் அதற்கு ஒரு சட்டம் இருக்கவேண்டும், நோக்கம் நியாயமாக இருக்கவேண்டும், தேவைக்கு மேல் கேட்கக்கூடாது. பி.காம் படிக்க இன்ஸ்டா எதற்கு? 2019 ஜூலையிலும் மாணவர்களின் சமூக ஊடகக் கணக்குகளை இணைக்கச் சொல்லி மத்திய அமைச்சகம் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதியது. கடிதம் சட்டமாகிவிடாது.

நீட், ஜேஇஇ, யுஜிசி எதுவும் ஆதாரைக் கட்டாயமாக்கக்கூடாது என்று 2018 ஆதார் தீர்ப்பு சொல்கிறது. அபாரும் விருப்பத்தின் பேரில்தான். 18 முடிந்திருந்தால் அந்தக் கையெழுத்து மகளுடையது, உங்களுடையது அல்ல. ஹால் டிக்கெட்டைக் காட்டி வாங்குவது சம்மதமே இல்லை.

எந்தச் சட்டம், எந்த உத்தரவு என்று பிரின்சிபாலிடம் எழுத்தில் கேளுங்கள்.

கே.ஆர்.புரம் அண்ணன்:
ஸ்காலர்ஷிப் போடுவதாக இருந்தால் கதை வேறு. அரசுப் பணத்தில் வரும் உதவிக்கு ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி ஆதார் கேட்கலாம். சாதி, வருமானச் சான்றும் வேண்டும். அதை ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் கொடுங்கள், இந்தப் படிவத்தில் வேண்டாம்.

ஒயிட்ஃபீல்ட் தம்பி:
2023 டேட்டா பாதுகாப்புச் சட்டம் உதவாதா?

சிவாஜிநகர் வக்கீல்:
இப்போதைக்கு அதை நம்பாதீர்கள், தம்பி. விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம். அரசு அமைப்புகளுக்கு விலக்கு தர 17-ஆம் பிரிவில் வழியும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் கடும் வருத்தம். இன்று கைகொடுப்பது புட்டசாமி தீர்ப்புதான்.

அல்சூர் அம்மா:
ரொம்ப நன்றி சார். கடிதம் கன்னடத்தில் வேண்டுமா?

சிவாஜிநகர் வக்கீல்:
ஆங்கிலமே போதும். நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். அப்புறமும் ஹால் டிக்கெட்டை நிறுத்தினால், ஐகோர்ட்டில் அந்த நகல்தான் முதல் ஆதாரம்.